எள்ளுப் பன்னும் மாமன் மடியும்

நகந்தெல்லாம் உக்கார வேண்டாமுங்ணா, பெட்டி என் மடிமேலயே இருக்கட்டும். கீழ வெச்சா இந்த டிரைவர் ஓட்டற ஓட்டுக்கு நசுங்கிப் போயிரும். பன்னுதானுங்க. ஹாட் டாக் பன்னு. நீளமா இருக்குமில்லீங்க, நடுவுல பொளந்து கோழிக்கறி சாசேஜ் வெச்சுக் குடுப்பாங்களே, அந்தப் பன்னு. கடையில வாங்குனது இல்லீங்க, நானே ஊட்டுல செஞ்சது. ஏனுங்க சிரிக்கறீங்க? ஆம்பளை பன்னு சுடக் கூடாதா? பேக்கரியில பூராவும் ஆம்பளைங்கதானே சுடறாங்க, அங்க போயிச் சிரிப்பீங்களா?

இல்லீங்ணா, உங்க மேல கோவமில்லை. காலைல இருந்தே இப்படித்தான், கண்ணுல பட்டவங்க மேல எல்லாம் எரிஞ்சு உளுந்துக்கிட்டிருக்கறேன். இப்ப ஏறும்போதுகூட கண்டக்டர்கிட்ட ஒரு சண்டை. நீங்க காங்கயம் போறீங்ளா? நான் அங்க எறங்கித் திருப்பூர் பஸ்ஸு புடிக்கோணும். அப்பச் சரி, அதுவரைக்கும் கேளுங்க. யார்கிட்டயாவது கொட்டலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

மொதல்ல ஒண்ணு எடுத்துச் சாப்பிடுங்க. உள்ள ஒண்ணும் வெக்கலை, வெறும் பன்னுதான். எடுங்க.

என்னுங்க கையப் பின்னால இழுக்கறீங்க? எள்ளா? ஆமா, கருப்பு எள்ளுதான். அட, நீங்களுமாங்ணா! பேண்ட்டு சட்டை போட்டுக்கிட்டு, கையில பெரிய போனை வெச்சுக்கிட்டு, நீங்களும் எள்ளைப் பாத்தா இப்படித்தான் முழிக்கறீங்க. முறுக்குல எள்ளு போடறதில்லையா? எள்ளுருண்டை திங்கறதில்லையா? நல்லெண்ணெய் எதுல இருந்துங்க வருது? அதைத் தலைக்குத் தேச்சுத்தானே தீவாளி கும்புடறோம்? அப்பெல்லாம் வராத சாங்கியம் என் பன்னுல மட்டும் எப்படி வந்துச்சு? சொல்லுங்க. சொல்ல முடியாது. ஒருத்தராலயும் சொல்ல முடியலை. அதுதான் எனக்கு ஆத்தரம். இந்தாங்க, கையிலயாவது புடிங்க.

என் பேரு பூபதிங்க. திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை. துணிக்குச் சாயம் ஏறுனதும் கலர் சரியா வந்திருக்குதான்னு பாத்து ஓகே பண்றது நான்தான். ஒரு நூலு கம்மியா ஏறியிருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியும். ஷேடு மாஸ்டர்னு சொல்லுவாங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. கூடப் பொறந்தது ஒரே தங்கச்சி, சுகுணா. அவளைத் தாராபுரத்துக்கு அந்தப்பக்கம் குடுத்திருக்கறோம். அவளுக்குப் பொறந்த ஊடுன்னா நானும் என் பொண்டாட்டி கலாமணியும்தான், வேற நாதியில்லை.

சுகுணாவுக்கு ஒரு பொண்ணு. கனிஷ்கா. அஞ்சு வயசாச்சு. இன்னைக்கு அதுக்குக் காதுகுத்து. ஆமாங்ணா, இன்னைக்குத்தான். மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே காது குத்தோணும்? அந்த மாமன் நான்தான். மாமன் இங்க உங்க பக்கத்துல உக்காந்து பன்னைக் கட்டிக்கிட்டுப் போயிட்டிருக்கறேன். எப்படி இருக்குது பாருங்க கூத்து.

இந்தக் காதுகுத்து போன வருசமே நடந்திருக்கோணும். அவங்க ஊட்டுல ஒரு துக்கமாயிருச்சு, அதுல தள்ளிப் போச்சு. நான் போன வருசமே தோடு எடுத்து வெச்சுட்டேன். எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க, அது வேற கதை, விடுங்க. மடியில ஒரு புள்ளையை வெச்சு நாலு பேரு முன்னால உக்கார்றதுக்கு எனக்கு இருக்கறது இந்த ஒரு நாளுதான். அதைத்தான் அந்தம்மா கெடுத்துப்போட்டாங்க.

எந்தம்மாவா? சொல்றேன். சுகுணாவோட மாமியாரு, பாவாயி அத்தை. வாயத் தொறந்து அதிர்ந்து பேச மாட்டாங்க. அப்படிப்பட்டவங்களைத்தானுங்ணா நம்பக் கூடாது. கத்தறவங்ககிட்ட நாம திருப்பிக் கத்தலாம். பேசாம இருக்கறவங்களை என்னங்க பண்றது?

பன்னு கதைக்கு வாறேன். பாப்பா லீவுக்கு எங்க ஊட்டுக்கு வந்திருந்தப்ப கோயமுத்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அங்க ஒரு பெரிய கடையில ஹாட் டாக் வாங்கிக் குடுத்தேன். மூஞ்சி பூராவும் சாஸை அப்பிக்கிட்டுத் தின்னுச்சு பாருங்க! அப்பறம் காதுகுத்துக்கு நாள் குறிச்சதும் போன்ல கேக்குது, "மாமா, என் காதுகுத்துக்கு எல்லாத்துக்கும் ஹாட் டாக் குடுப்பியா?" குடுக்கறேன் கண்ணுன்னு சொல்லீட்டேன். சொன்னாச் சொன்னதுதானே?

கலாமணி சொன்னா, "பேக்கரில சொல்லி வாங்கிக்கலாமுங்க." போயிப் பாத்தேன். நீளப் பன்னு வேணும்னா அந்தாளு தேங்காப் பன்னைக் காட்டறான். இன்னொரு கடையில இருக்குது, தொட்டாப் பஞ்சு மாதிரி உதிருது, மேல எள்ளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோயமுத்தூர் கடையில மேல எள்ளு இருந்துச்சு. பாப்பா அதை ஒண்ணொண்ணா எடுத்து நாக்குல ஒட்ட வெச்சு எனக்குக் காமிச்சுச்சு. எள்ளு இல்லாத பன்னைக் கொண்டுபோயி நீட்டுனா, மாமா, ஏமாத்திட்டியேன்னு சொல்லாதா?

அன்னைக்கே ஒரு ஓவன் வாங்கிட்டேன். அப்பறம் ஒரு மாசம் எங்க ஊடு ஊடா இருக்கலீங்ணா. மொதத் தடவை கொதிக்கற பாலுல ஈஸ்ட்டைப் போட்டுட்டேன், அது அப்பவே செத்துப்போச்சு. மாவு உப்பவே இல்லை. வெந்து வந்ததை எடுத்துச் செவுத்துல அடிச்சா செவுரு பேந்துரும். கலாமணி அதைக் கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சா. நக்கலு! அடுத்த தடவை மாவை வெய்யில்ல வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன், வந்து பாத்தா குண்டாவை உட்டு வழிஞ்சு மேடை பூராவும் புளிச்ச வாசம். பாலு வெதுவெதுன்னு இருக்கோணும், வெரலை உட்டாச் சுடக் கூடாது. வெண்ணெயைக் கடைசியாத்தான் சேத்துப் பெசையோணும். பெசைஞ்ச மாவை நீளநீளமா உருட்டித் தட்டுல நெருக்கி நெருக்கி அடுக்கோணும். தள்ளித் தள்ளி வெச்சா அக்கம்பக்கம் சாஞ்சு சப்பட்டையாப் போயிரும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னாத்தான் மேல எழும்பும், பக்கவாட்டுல மெத்துன்னு இருக்கும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரலை. கெட்டுக் கெட்டுத்தான் கத்துக்கிட்டேன். எங்க பட்டறையில இருக்கற பசங்க ஒரு மாசம் என் பன்னைத் தின்னு தின்னு, என்னைக் கண்டாலே கக்கூஸுக்குள்ள போயி ஒளிஞ்சுக்குவானுங்க.

மேல மொதல்ல வெள்ளை எள்ளுதானுங்க போட்டேன். பன்னு வெந்து செவந்து வந்ததும் எள்ளு எங்கயிருக்குதுன்னே தெரியலை. நான் ஷேடு பாக்கறவனுங்ணா. எனக்கு அது பொறுக்குமா? கருப்பு எள்ளைத் தூவுனேன். அடடா, அந்தச் செவப்புக்கும் அந்தக் கருப்புக்கும்! அப்படியே எடுப்பா நின்னுச்சு. ஒட்டாம உதுந்துச்சு, அதுக்கு முட்டையை அடிச்சு மேல தடவித் தூவுனேன். அப்பறம் நகத்தை வெச்சுச் சொரண்டுனாத்தான் வரும், அப்படிப் புடிச்சுக்கிச்சு.

கலாமணி பாத்துட்டு, "நல்ல காரியத்துக்குக் கருப்பு எள்ளாங்க? வேண்டாமுங்க"ன்னா. உனக்கென்னடி தெரியும் கலரைப் பத்தின்னு வாயடைச்சுட்டேன். சுகுணாவுக்குப் போட்டோ அனுப்புனேன். அவ உடனே போன் பண்றா. பன்னு நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை இல்லீங்க. "அண்ணா, எள்ளு மட்டும் வேண்டாம்ணா. அத்தை பாப்பாங்க." நான் சொன்னேன், உங்க அத்தைக்கு நான் பன்னு சுடலை, எங்க பாப்பாவுக்குச் சுடறேன். அவ "சரிண்ணா, உன் இஷ்டம்"னு வெச்சுட்டா. என் இஷ்டம்னு அவளே சொன்னாளா இல்லையா? இப்ப எம்மேல என்னங்க தப்பு?

நேத்துப் பூராவும் சுட்டேனுங்க. லீவு போட்டுச் சுட்டேன். ஓவன்ல ஒரு தட்டுதான் போகும், ஒண்ணு வேக ஒண்ணு உப்ப, ஒண்ணு வேக ஒண்ணு உப்பன்னு, இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஒரு பன்னுகூடச் சோடை போகலை. இன்னைக்கு விடியறதுக்குள்ள சீர் தட்டு, பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை, தோடு, மாலை, உள்ள வெக்கற சாசேஜ், இந்தப் பன்னுப் பெட்டிங்க எல்லாத்தையும் வாடகைக் காருல ஏத்திக்கிட்டுக் கோயலுக்குப் போயி எறங்குனோம். அவங்க கொலதெய்வக் கோயலு, ஊருக்கு வெளிய ஒரு தோப்புக்குள்ள இருக்குது. சொந்தக்காரங்க, ஒறம்பரையெல்லாம் வந்தாச்சு. ஒருபக்கம் கெடா வெட்டிச் சமையலு. பாப்பா ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கிட்டு, "மாமா, ஹாட் டாக் எங்க?"ன்னு கேக்குது. அப்ப எனக்கிருந்த சந்தோசம் இருக்குதே, அதைச் சொன்னாப் புரியாதுங்ணா.

அவங்க பங்காளி ஒரு பெரியவரு வந்து பெட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "ஏந்தம்பி, இதுக்கு ஏன் நாய்ப் பேரு வெச்சிருக்கறாங்க?"ன்னாரு. பேருதானுங்க நாயி, உள்ள வெக்கறது கோழிங்கன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

அப்பத்தான் பாவாயி அத்தை வந்தாங்க. "வாங்க தம்பி, இத்தனையும் நீங்களே செஞ்சீங்களா?"ன்னு சிரிச்ச மொகமாத்தான் வந்தாங்க. பெட்டிக்குள்ள கைய உட்டு ஒரு பன்னை எடுத்தாங்க. எடுத்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. சிரிப்பு போயிருச்சு. பன்னை மறுபடி பெட்டியில வெச்சுட்டு, கையைச் சேலையில தொடச்சுக்கிட்டாங்க. தொடச்சுக்கிட்டாங்கண்ணா! நான் என்ன சாணியா அள்ளிக்கிட்டு வந்தேன்? "தம்பி... கருப்பு எள்ளுங்களா"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. சொல்லலைன்னா? அந்தப் பார்வையிலயே எல்லாம் சொல்லியாச்சே. பக்கத்துல இருந்த பொம்பளைங்க அவங்களுக்குள்ள குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க.

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ கோவம். சத்தமாத்தான் கேட்டேன். கோயல் பூராவும் கேக்கற மாதிரி கேட்டேன். "ஏனுங்க அத்தை, இங்க யாரு செத்துப்போயிட்டாங்கன்னு எள்ளைப் பாத்து இப்படி மொகத்தைச் சுருக்கறீங்க?"

ஒருத்தரு வாயத் தொறக்கலீங்ணா. மேளக்காரன்கூட நிறுத்திட்டான். சுகுணாவோட வீட்டுக்காரரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. சுகுணா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அந்தப்பக்கம் போயிட்டா. கலாமணி என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. அப்பவே எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சு, நியாயம் எம்பக்கம் இருக்குதுன்னு. நியாயமில்லாமயா அத்தனை பேரும் பேசாம நிப்பாங்க?

என்னுங்க கேட்டீங்க?

துக்கம்னு சொன்னேனே, அதுங்களா? அது அந்தம்மாவோட ரெண்டாவது பையன். மோகன்னு பேரு. கலியாணம்கூட ஆகலை. பெருந்துறை ரோட்டுல பைக்குல போனவன், லாரிக்காரன் அடிச்சுட்டான். நல்ல பையனுங்க, எங்கிட்ட ரொம்பப் பிரியமாப் பேசுவான். அது ஆச்சு, வருசம் திரும்பியாச்சு. நான் என்ன மறந்தா போயிட்டேன்? போன ஆடி அமாவாசைக்குப் பவானிக் கூடுதுறைக்கு அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போனதே நான்தான். என் சிநேகிதன்கிட்டக் காரை வாங்கி நானே ஓட்டிக்கிட்டுப் போனேன். அங்க அவன் அண்ணன், சுகுணா வீட்டுக்காரரு, உக்காந்து எள்ளும் தண்ணியும் எறைச்சாரு. அய்யரு அந்தம்மா கையிலயும் ஒரு பிடி எள்ளைக் குடுத்து ஆத்துல உடச் சொன்னாரு. அவங்க உட மாட்டேங்கறாங்க. கைய மூடிக்கிட்டுத் தண்ணிக்குள்ள நிக்கறாங்க, நிக்கறாங்க, நின்னுக்கிட்டே இருக்கறாங்க. பின்னால கூட்டம் நிக்குது. கடைசியில நான்தான் எறங்கிப் போயி, உடுங்கத்தை, உடுங்கன்னு வெரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு உட்டேன்.

அதைத்தானுங்ணா நானும் கேக்கறேன். அன்னைக்கு அத்தனை நேரம் எள்ளைக் கையில புடிச்சுக்கிட்டு உட மாட்டேன்னு நின்னவங்க, இன்னைக்கு என் பன்னுல இருக்கறதைத் தொட்டதுக்கு எதுக்குக் கையத் தொடச்சுக்கறாங்க? இது நடிப்பா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

சன்னலுக்கு வெளிய என்னுங்க தெரியுது, அங்கயே பாத்துக்கிட்டிருக்கறீங்க? இன்னம் இருக்குது கேளுங்க. இதுவரைக்கும் ஆனதைக்கூட நான் பொறுத்துக்கிட்டிருப்பேன். அதுக்கப்பறம் அந்தம்மா பண்ணுனதுதான் பெருசு.

நான் போயி ஒரு ஓரமா மரத்தடியில உக்காந்துட்டேன். மேளம் மறுபடி அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆசாரி வந்துட்டாரு, ஊசியெல்லாம் எடுத்து வெக்கறாரு. பாப்பாவுக்கு மாலை போட்டாச்சு. நானே எந்திரிச்சுப் போயி உக்காரலாம்னுதான் இருந்தேன், காரியம் நடக்கோணுமில்லீங்களா, நானென்ன சின்னப் பையனா? முகம் கழுவலாம்னு கோயலுக்குப் பொறத்தால போறேன். அங்க பாவாயி அத்தை தனியா உக்காந்திருக்கறாங்க. முன்னால என் பன்னுப் பெட்டிங்க. ஒவ்வொரு பன்னா எடுத்து மடியில வெச்சு, நகத்துல எள்ளைச் சொரண்டி எடுக்கறாங்க!

நான் நேத்துப் பூராவும் இடுப்பொடியத் தூவுன எள்ளு. முட்டையைத் தடவி ஒட்டுனது, சுலுவுல வருமா? தோலோட பேந்து வருது. சொரண்டுன பன்னெல்லாம் அம்மை வந்த மூஞ்சியாட்டம் கெடக்குது. சேலை மடியில கருப்புக் கருப்பா எள்ளு குமிஞ்சிருக்குது. அந்தம்மா கண்ணுல இருந்து தண்ணி ஒழுகுது, அதைத் தொடைக்கக்கூட இல்லாமச் சொரண்டிக்கிட்டே இருக்கறாங்க.

"என்னங்க பண்றீங்க?"ன்னேன்.

தூக்கிவாரிப் போட்ட மாதிரி நிமுந்து பாத்தாங்க. "இல்லீங்க தம்பி, கொழந்தைங்க ஹாட் டாக்கு ஹாட் டாக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. எங்க ஒறம்பரையில எள்ளு இருந்தாத் தொட மாட்டாங்க. அப்படியே பந்திக்குப் போனா உங்க பன்னு பூராவும் மிஞ்சிப் போயிரும். கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கறீங்க. அதானுங்க, நானே எடுத்துறலாம்னு..."

எப்படிப் பேச்சு பாத்தீங்களா? எனக்கு உதவி பண்றாங்களாமா! என்னைக் கேக்காம என் பன்னுல கைய வெச்சுப்போட்டு, எனக்காகத்தான் வெச்சேன்னா என்ன அர்த்தம்? மிஞ்சுனா மிஞ்சட்டும்! நாய்க்குப் போடறேன், காக்காய்க்குப் போடறேன், உங்களுக்கென்னங்கன்னு கேட்டேன். சொரண்டாம இருந்த பெட்டியைப் புடுங்கிக்கிட்டேன். அதுதான் இது. சொரண்டுனதெல்லாம் அங்கயே கெடக்குது. வந்து கலாமணியைக் கூப்பிட்டேன், வாடி போலாம்னு. அவ என்ன சொன்னா தெரியுங்களா? "நீங்க போங்க, நான் வரலை"ன்னா. பதினெட்டு வருசம் கூட இருந்தவ! நடந்து ரோட்டுக்கு வந்தேன், இந்தப் பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்.

பாப்பா பின்னாலயே கூப்பிட்டுச்சு. மாமா, மாமான்னு. நான் திரும்பிப் பாக்கலை. ரோசம்னா ரோசந்தானுங்ணா.

இந்நேரம் குத்தியிருப்பாங்க. எங்க சித்தப்பன் பையன் ஒருத்தன் வந்திருக்கறான், ரமேசுன்னு, அவனும் மாமன் மொறைதானே. அவன் மடியில உக்கார வெச்சுக் குத்தியிருப்பாங்க. அவனுக்கென்ன தெரியும்? புள்ளைக்கு வலிக்கறப்ப தலையை நெஞ்சோட சேத்துப் புடிக்கோணும், அசைஞ்சா ஊசி எடம் மாறிரும். அவன் போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பான். பாப்பா வீல்னு கத்தியிருக்கும். மாமா எங்கன்னு கேட்டிருக்கும். கேக்கட்டும்! கேட்டா, உங்க அப்பத்தா தொரத்தி உட்டுருச்சுன்னு சொல்லட்டும். ஒரு வருசமா நான் தோட்டை எடுத்து எடுத்துப் பாத்து வெச்சிருந்தேனுங்ணா. யாரோ ஒருத்தன் மடியில உக்காந்து அதைப் போட்டுக்கிச்சு.

நீங்க இன்னம் அந்தப் பன்னைச் சாப்பிடலை. கையிலயே வெச்சிருக்கறீங்க. சரி, பன்னு எப்படி வந்துச்சுன்னாவது பாருங்க. தட்டுல வரிசையா வெந்து, சூடா இருக்கறப்பவே போட்டோ எடுத்தேன். அந்தச் செவப்பையும் கருப்பையும் பாத்தா நீங்களே சொல்லுவீங்க. போனை அணைச்சு வெச்சிருக்கறேன். இருங்க, போடறேன்.

அட, போட்டதும் அடிக்குது பாருங்க. சுகுணா நம்பரு. எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். காதுகுத்து நல்லபடியா முடிஞ்சுதுண்ணா, ரமேசு நல்லாப் புடிச்சுக்கிட்டான்ணான்னு சொல்லறதுக்குக் கூப்பிடுவா. எனக்கெதுக்கு அது?

என்னுங்க? எடுக்கோணுமா? நீங்க சொல்றதுக்காக எடுக்கறேன். நாலு கேள்வி கேக்காம உடறதில்லை.

அலோ. யாரு... அத்தைங்களா? ம். ம். இல்லீங்க, பஸ்ஸுல. ... இன்னமுமா? ஏனுங்க? ரமேசு இருந்தானே... அழுவுதுங்களா? ... அத்தை, நீங்க எதுக்குங்க... அதெல்லாம் ஒண்ணும்... ஏனுங்க அப்படிச் சொல்றீங்க? அத்தை. அத்தை, இருங்க. நான் சொல்றதைக்... அலோ.

வெச்சுட்டாங்க.

குத்தலீங்ணா. இன்னம் குத்தலை. ஆசாரி ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாராமா. ரமேசு மடியில உக்கார வெக்கலாம்னு அவங்க பங்காளி பெரியவரு சொன்னாராமா. அந்தம்மாதான், பூபதி மாமன் இல்லாம என் பேத்திக்குக் காது குத்த வேண்டாம்னு மறிச்சு நிக்கறாங்களாமா. நல்ல நேரம் போனாப் போகட்டும், அவரு வரட்டும்னு. அத்தனை பேரும் சாப்பிடாம உக்காந்திருக்கறாங்க.

என்ன திமிரு பாத்தீங்களா! இப்ப ஊரே என்னையில்லீங்களா பேசும்? அத்தனை பேரைப் பட்டினி போட்டவன் பூபதின்னுதானே பேசும்?

இருங்க, இன்னம் சொல்லி முடிக்கலை. அந்தம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. கேக்காம உங்க பன்னுல கைய வெச்சது என் தப்புங்க தம்பின்னு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நான் கேட்டதைப் பத்திப் பேசலை. யாரு செத்துப்போயிட்டாங்கன்னு கேட்டேனே, அதைப் பத்தி. என்னைத் திட்டியிருக்கலாமில்லீங்களா? என் புள்ளை செத்துப்போனான்டா நாயேன்னு சொல்லியிருக்கலாமில்ல? சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு எதையாவது பேசியிருப்பேன், நிம்மதியாத் திருப்பூரு போயிருப்பேன். இப்ப என்னை எங்கயும் போக உடாமப் பண்ணிப்போட்டாங்களே!

கடைசியா என்ன சொன்னாங்க தெரியுங்களா? "நீங்க வந்து மடியில வெச்சுக் குத்திக் குடுத்துட்டுப் போங்க தம்பி. என்னைப் பாத்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும், நான் அந்தத் தோப்புக்குப் பொறத்தால போயி உக்காந்துக்கறேன். உங்க கண்ணுல பட மாட்டேன்"னு. அவங்க பேத்தி காதுகுத்துலங்ணா! ஒரு புள்ளையை எமனுக்குத் தூக்கிக் குடுத்தவங்க. பேரன் பேத்தின்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதோட காதுகுத்துல அவங்க எதுக்குப் போயி மறைஞ்சு உக்காரோணும்? நான் அப்படிச் சொன்னனா? சொன்னனாங்க?

ஏனுங்க கண்டக்டர்! நிறுத்தச் சொல்லுங்க! இங்கயே, ஸ்டாப்பிங் இல்லாட்டியும் பரவால்லை, நிறுத்தச் சொல்லுங்க!

வழி உடுங்ணா. சமாதானமா? சமாதானத்துக்கெல்லாம் நான் போகலை, சண்டைக்குத்தான் போறேன். அந்தம்மா எம்பக்கத்துல வந்து, என் தோளோட ஒட்டி உக்காந்து, பாப்பா தலையை அவங்க கையால புடிச்சுக்கோணும். புடிக்க மாட்டேன்னா, எத்தனை நல்ல நேரம் போனாலும் சரி, எவன் பட்டினி கெடந்தாலும் சரி, நான் ஊசியைப் பக்கத்துல உட மாட்டேன்.